எதைவிட வாரியம்

போடியிலிருந்து வெளிநாடு போன ஒரு மூட்டை ஏலக்காயின் மேல் ஆங்கிலத்தில் 'மோர் பெட்டர்' என்று எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் மாலை போடலாம். அவர் எழுதிய இரண்டே சொல்லால் நூற்றுப் பதினான்கு பேருக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது.

மூட்டையை வாங்கியவர் ஒரு வரிக் கடிதம் போட்டார்: "எதைவிட?"

விவரமான ஆளிடம் அந்தக் கடிதம் போயிருந்தால், அடுத்த மூட்டையில் அந்த இரண்டு சொல்லையும் மையால் அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அது போய்ச் சேர்ந்ததோ ஒரு அலுவலகத்துக்கு. அலுவலகம் கலங்கிவிட்டது. கமிட்டி போட்டது. கமிட்டி மூணாறில் மூன்று நாள் தங்கி, குளிருக்குக் கம்பளி வாங்கி, ஆராய்ந்து, மலைவிளைபொருள்களை ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசும் திறன் இந்த வட்டாரத்தில் அபாயகரமான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று கண்டுபிடித்தது. அப்படிப் பிறந்ததுதான் மலைவிளைபொருள் ஆங்கில ஒப்பீட்டு வாரியம். இவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்கு மூச்சு இருக்கிறது? போடியில் அதற்கு 'எதைவிட வாரியம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அப்படிச் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கும் வழி தெரியும்.

வாரியத்துக்கு ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். கீழ்த்தளத்தில் குட் பிரிவு. முதல் மாடியில் பெட்டர் பிரிவு. பெஸ்ட் பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் முறை என்பதால் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே யார் உட்காருவார்? பெஸ்ட் பிரிவில் இருந்த ஒன்பது பேரும் காலையில் மேலே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, குட் பிரிவில் இறங்கி வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொள்வார்கள். பதவி உயர்வு கிடைத்து மேலே போகப் பயந்து, லீவு போட்டுவிட்டுக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டவர்களும் உண்டு.

இந்த வாரியத்தின் முதல் சுற்றறிக்கை பெத்துராஜின் கிட்டங்கிக்கு வந்தது. அங்கேதான் சந்திரவல்லி வேலை பார்த்தாள்.

கிட்டங்கி என்றால் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடம். சல்லடையில் அளவு பிரித்த காயைச் சுளகு என்கிற முறத்தில் கொட்டிக்கொண்டு, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி ஒதுக்கவேண்டும். இருபத்துமூன்று பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். சந்திரவல்லி சிலமலையிலிருந்து காலை பஸ்சுக்கு வருவாள். வயது நாற்பத்திரண்டு. அவள் விரல் சுளகுக்குள் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியாது. கிட்டங்கியில் அவளுக்கு இணையான கை இல்லை. இது இருபத்தோரு பேருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் ஞானபாக்கியம்.

ஞானபாக்கியத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு காலத்தில் மின்னலாகப் பொறுக்கியவள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வெடித்த காய் எது, வெடிக்காத காய் எது என்பது அவளுக்குத் தடவினால்தான் தெரியும், அதுவும் பாதி நாள் தெரியாது. ஆனால் வாய்க்குப் புரை விழவில்லை.

"ஏ சந்திரா, இன்னும் அரைச் சுளகுலயே நிக்கிற? ஆமை கூட மேட்டுல ஏறிப்போயிருச்சு. ஏங் கையப் பாரு, மிசினு கெட்டுது!" என்பாள்.

"ஆமக்கா. உங்க கை யாருக்கு வரும்" என்பாள் சந்திரவல்லி.

இதில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொருவர் பொறுக்கிய காயையும் பெத்துராஜ் எடை போடுவார். வருஷக்கணக்காக இருபத்துமூன்று பேருக்கும் எடை ஒரே மாதிரிதான் வருகிறது. காரணம், அந்தப் பெண்கள் தமக்குள் வைத்திருந்த ஒரு வழக்கம். வெகு நாளைக்கு முன்னால் புதிதாக வந்த ஒருத்தி, நல்ல பேர் வாங்கும் ஆசையில் ஒரே நாளில் எல்லாரையும்விட இரண்டு கிலோ கூடுதலாகப் பொறுக்கிக் காட்டினாள். மறுநாள் அப்போதைய முதலாளி எல்லாரிடமும் அதே எடையைக் கேட்டார். நாலு பேருக்கு வேலை போயிற்று. அதிலிருந்து, கை ஓடுகிறவள் எடைக்கு முன்னால் கை ஓடாதவளின் சுளகில் நாலு குத்துக் காயை அள்ளிப் போட்டுவிடுவாள். வயலில் மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போடுவதைப்போல என்பதால் இதற்கு 'நிரவுறது' என்று பெயர். இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். நன்றி சொல்வது மகா தப்பு.

ஞானபாக்கியம் நாலரை மணிக்கு முகம் கழுவப் போவாள். அந்த நேரத்தில் சந்திரவல்லி அவளுடைய சுளகிலிருந்த வெடிப்புக் காய்களைச் சட்டென்று ஒதுக்கிவிட்டு, தன் காயைப் போட்டு நிரவிவிடுவாள். ஆறு வருஷமாக இது நடக்கிறது. சந்திரவல்லிக்கு இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. பஸ் படியில் விழுந்து அவளுக்கு மணிக்கட்டு உடைந்து, நாலு மாதம் ஒற்றைக் கையால் பொறுக்கிய காலத்தில், அவள் சுளகை நிரவியவள் இதே ஞானபாக்கியம்தான். அப்போதும் 'ஆமை' என்று ஏசிக்கொண்டேதான் நிரவினாள்.

இப்படியாகப்பட்ட இடத்தில்தான் வாரியம் காலை வைத்தது.

வந்தவர் துணை இயக்குநர் தங்கபாண்டி. கூடவே அவருடைய ஜீப்பு டிரைவர் கன்னையன். தங்கபாண்டி எப்போதும் மேடையில் நிற்கிற மாதிரியே பேசுவார், டீ சொல்லும்போது கூட.

"உலகச் சந்தை நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. எதைவிட? இந்தக் கேள்விக்கு நம் முன்னோர்கள் பதில் சொல்லவில்லை. நாம் சொல்வோம்!"

"இன்னும் பதில் போடலையா சார் அந்தாளுக்கு?" என்று பெத்துராஜ் கேட்டார்.

"பதில் தயாராகிறது. குட் பிரிவு வரைந்து, பெட்டர் பிரிவு திருத்தி, இப்போது பெஸ்ட் பிரிவில் இருக்கிறது. அங்கே வெயில் குறைந்ததும் கையெழுத்தாகிவிடும்."

முதல் கட்டளை மூட்டைகளுக்கு. இனி எந்த மூட்டையிலும் 'பிக்கர்' என்று எழுதினால், எதைவிட என்று காட்டவேண்டும். அதாவது, எட்டு எம்எம் காய் மூட்டையின் கழுத்தில், அதைவிடச் சின்னதான ஏழு எம்எம் காய் ஒன்றைத் துணியில் முடிந்து கட்டவேண்டும். ஒப்பிட்ட பொருளும் ஒப்பிடப்பட்ட பொருளும் எக்காலத்திலும் பிரியக்கூடாது. இதுதான் 'எதைவிட விதி'. கட்டாத மூட்டைக்கு வாரிய முத்திரை கிடையாது. முத்திரை இல்லாத மூட்டை கிட்டங்கிப் படியைத் தாண்டாது. பெத்துராஜ் இரண்டு பேரைப் போட்டு முடிச்சுக் கட்டினார்.

இரண்டாவது கட்டளை இன்னும் விசேஷம். 'பிக்கெஸ்ட்' என்பது ஒன்றுக்குத்தான் பொருந்தும். ஆகையால் முதல் தரக் காய் மூட்டை முழுவதையும் 'பிக்கெஸ்ட்' என்பது மோசடி. ஒரு கிட்டங்கிக்கு ஒரே ஒரு காய்தான் பிக்கெஸ்ட். அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இருபத்துமூன்று பெண்களும் இரண்டு நாள் பொறுக்குகிற சோலியை விட்டுவிட்டுக் காய் அளந்தார்கள். கடைசியில் ஒரு காய் தேறியது. அதைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, எண் கொடுத்து, தங்கபாண்டியின் மேஜையில் வைத்தார்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டு வந்த கன்னையன், புட்டியைத் திறந்து, காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல காய்ணே" என்று பெத்துராஜிடம் வேறு சொன்னார்.

விசாரணை நடந்தது. கன்னையனிடம் மூன்று பக்க விளக்கம் வாங்கினார்கள். இரண்டாவது பெரிய காய்க்குப் பதவி உயர்வு ஆணை அடித்து, கையெழுத்திட்டு, அதே புட்டிக்குள் போட்டார்கள்.

ஆங்கிலத்தில் தரம் சொல்ல ஒரு படிவமும் வந்தது. குட், பெட்டர், பெஸ்ட் என்று மூன்று கட்டம். பெத்துராஜுக்கு அதை நிரப்ப வரவில்லை. போடியில் காய் சுமாராக இருந்தால் 'பாக்கலாம்' என்பார்கள். நன்றாக இருந்தால் 'பரவாயில்லை' என்பார்கள். மிகவும் நன்றாக இருந்தால் வாயைத் திறக்காமல் காயைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவதுபோல நாலு எட்டு நடப்பார்கள். வியாபாரம் தெரிந்தவனுக்கு அது புரியும். "இந்த நடக்கிறதுக்கு எந்தக் கட்டம் சார்?" என்று அவர் கேட்டதற்கு, தங்கபாண்டி தலைமையகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

மூட்டை முடிந்தது. அடுத்து மனிதர்கள். சனிக்கிழமைதோறும் பொறுக்குகிற பெண்களுக்கு வகுப்பு. இலக்கணம் அவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. மூன்று சல்லடையில் காய் விழுகிற மாதிரி ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலெஸ்ட். இதில் என்ன கஷ்டம்? கஷ்டம் எல்லாம் தங்கபாண்டிக்குத்தான்.

"யானை பூனையைவிடப் பெரியது. ஆங்கிலத்தில் சொல்லுங்கள்."

தேவாரம் ஊரிலிருந்து வருகிற சுந்தரம்மாள் எழுந்தாள். "யானை பெருசுன்னு தெரிஞ்சுக்கிட வாரியம் வரணுமா சார்? போன வாரந்தான் எங்க தோப்புல நொழஞ்சு நாப்பது தென்னங்கன்ன மிதிச்சுட்டுப் போச்சு. எழுதிக் குடுத்தா எதாச்சும் செய்வீகளா?"

"அது வேறு துறை அம்மா. நாங்கள் ஒப்பீடு மட்டும். எத்தனை யானை வந்தது? மூன்று வந்திருந்தால் 'பிக்கெஸ்ட்' போடலாம்."

"அடுத்த வட்டம் வந்துச்சுன்னா வரிசையா நிக்கவச்சு அளந்துட்டு வர்றேன் சார்" என்று சுந்தரம்மாள் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாவது வகுப்பின் முடிவில் தேர்வு அறிவிப்பு வந்தது. ஒவ்வொருத்தியும் எழுந்து, கூட வேலை செய்பவர்களின் வேகத்தை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொல்லவேண்டும். கற்பனை கூடாது. ஒப்பிடப்படும் ஆள் நேரில் இருக்கவேண்டும். தேர்வின் முடிவில் கிட்டங்கிக்கு ஒரு 'ஃபாஸ்டெஸ்ட்', ஒரு 'ஸ்லோவெஸ்ட்' அறிவிக்கப்படுவார்கள். முன்னவருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ். பின்னவருக்கு நிரந்தர ஓய்வு.

"ஓய்வுன்னா வேலைய விட்டுத் தூக்குறதா சார்?" என்று சந்திரவல்லி கேட்டாள்.

தங்கபாண்டிக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. எழுந்து நின்றே பதில் சொன்னார். "தாய்மார்களே! வாரியம் யாரையும் வேலையைவிட்டு அனுப்பாது. மனிதர்களை எடைபோடும் ஈனத்தனம் எங்களிடம் இல்லை. யார் மெதுவானவர் என்று நீங்களே, உங்கள் வாயாலேயே, நல்ல ஆங்கிலத்தில் சொல்லப் போகிறீர்கள். அதில் பிழை இருக்கிறதா என்று மட்டும் நாங்கள் பார்ப்போம். பிழை இல்லை என்றால், அனுப்புவது நாங்கள் அல்ல. இலக்கணம்!"

கன்னையன் மட்டும் கை தட்டினார். அது அவருடைய வேலையில் சேர்த்தி.

அன்றைக்குச் சந்திரவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. யார் மெதுவானவர் என்பதில் கிட்டங்கியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாரியத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தி பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். புருஷனும் பிள்ளையும் இல்லாமல், இந்தக் கிட்டங்கியைத் தவிரப் போக்கிடமும் இல்லாத ஞானபாக்கியம் என்ன செய்வாள்? அதைவிட, தன் கை மிஷின் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் தெரிந்துகொண்டால் அவள் உடைந்துபோவாள்.

"அக்கா, பரீட்சை அன்னைக்கு நீங்க வராதீக. கண்ணு வலின்னு லீவு சொல்லிருவோம்" என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங் கண்ணுக்கு என்னாத்தா கேடு?" ஞானபாக்கியம் சிலிர்த்துக்கொண்டாள். "நா வரலேன்னா சர்டிபிகேட்ட நீ அமுக்கிரலாம்னு பாக்குறியா? நா ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் ஜெனி டீச்சர்கிட்ட இங்கிலீசு படிச்சுக்கிட்டு இருக்கேன், தெரியும்ல?"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது சந்திரவல்லிக்கு. மற்ற இருபத்தோரு பேரிடமும் ஒவ்வொருத்தியாகப் போய் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாள். அவர்கள் ஏற்கெனவே அதைத்தான் முடிவு செய்திருந்தார்கள்.

தேர்வு நாள் கிட்டங்கி வாசலில் வாழை கட்டினார்கள். அது வாரியத்தின் விதி. முதலில் சுந்தரம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"சந்திரவல்லி இஸ் ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ் ஞானபாக்கியம்" என்றாள். இவளும் அவளும் ஒரே வேகம்.

"சரி. இது அடிப்படை நிலை, ஒரு மதிப்பெண். அடுத்து ஒப்பீட்டு நிலை. யார் யாரைவிட வேகம்?"

"யானை உங்களவிட வேகம் சார்."

"யானை நேரில் இல்லை!"

"தேவாரத்துக்கு வந்தீகன்னா நேருல காட்டுறேன் சார்."

அவளுக்கு ஒரு மதிப்பெண். அடுத்து வந்த வித்யாவும் அதையே சொன்னாள்: அவளும் இவளும் ஒரே வேகம். அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள். பத்துப் பேர் சொன்னார்கள். பதினைந்து பேர் சொன்னார்கள். தங்கபாண்டிக்கு வேர்த்துவிட்டது.

"ஒரு கிட்டங்கியில் எல்லாரும் ஒரே வேகமா? இது இயற்கைக்கு விரோதம்! ஒருவர் இன்னொருவரைவிட மேலாக இல்லையென்றால் அலுவலகங்கள் எப்படி நடக்கும்? மாடி எதற்குக் கட்டினோம்?"

பெத்துராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எடையும் அப்பிடித்தான் சார் வருது. வேணும்னா தராசப் பாருங்க."

தங்கபாண்டி தராசைப் பார்த்தார். நேற்றைய காய் இருபத்துமூன்று பையில் கட்டியிருந்தது. ஒன்றை எடுத்து வைத்தார். இன்னொன்றை வைத்தார். முள் ஒரே இடத்தில் நின்றது. ஏழாவது பையோடு அவருக்குப் புரிந்துவிட்டது. தராசு பழுது. ஒப்பிட மறுத்த குற்றத்துக்காக அதற்குச் சீல் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

அப்போதுதான் ஞானபாக்கியத்தின் முறை வந்தது. அவள் சேலையை உதறிச் செருகிக்கொண்டு, தங்கபாண்டி இருப்பதாக நினைத்துக் கன்னையனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கணீரென்று ஆரம்பித்தாள்.

"ஐ ஆம் ஃபாஸ்ட். ஐ ஆம் ஃபாஸ்டர் தென் சந்திரவல்லி. ஐ ஆம் த ஃபாஸ்டெஸ்ட். சந்திரவல்லி இஸ் த ஸ்லோவெஸ்ட்."

தங்கபாண்டி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மூன்று நிலையும் பிழையில்லாமல்! கேட்காமலே நாலாவது வாக்கியம் வேறு! கண்ணைத் துடைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார்.

"ஒப்பிடப்பட்டவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சந்திரவல்லி, நீங்கள் ஏற்கிறீர்களா? மறுத்தால் இங்கேயே சோதனை. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, அரை மணி நேரம் பொறுக்கவிட்டு, எல்லாருக்கும் முன்னால் பார்த்துவிடலாம்."

"சார், அவ..." என்று சுந்தரம்மாள் வாயெடுத்தாள். சந்திரவல்லி அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதி வார்த்தை உள்ளேயே போயிற்று.

சந்திரவல்லி பக்கத்தில் பார்த்தாள். ஞானபாக்கியத்தின் முகம் கல்யாணப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. அரை மணி நேரச் சோதனை வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும், அந்த முகம் செத்துப்போகும். சந்திரவல்லிக்குக் கோபம் வந்தது. ஞானபாக்கியத்தின் மேல் அல்ல. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் உடனே ஒருத்தரைக் கீழே தள்ளத் தோன்றுகிற அந்தப் புத்தியின் மேல்.

"எஸ் சார்" என்றாள். "ஐ ஆம் த ஸ்லோவெஸ்ட்."

"அருமை! பிழையே இல்லை!" என்று தங்கபாண்டி அவளுக்கும் முழு மதிப்பெண் போட்டார். பிறகு ஆணையை எடுத்து வாசித்தார். நாளை காலை முதல் சந்திரவல்லி நிரந்தர ஓய்வில் வைக்கப்படுகிறார்.

ஞானபாக்கியத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஓய்வுன்னா? நாளைக்கு வரமாட்டாளா?"

"வரமாட்டார்."

"ஒரு நாளா, ரெண்டு நாளா?"

"நிரந்தரம் அம்மா."

"அய்யய்யோ, எனக்குப் பக்கத்துல பின்ன யாரு உக்காருவா? சார், நா சொன்னத அழிச்சிருங்க. சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன்."

"அழிக்க முடியாது" என்றார் தங்கபாண்டி வருத்தத்தோடு. "நல்ல ஆங்கிலம்."

ஞானபாக்கியம் சந்திரவல்லியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சந்திரவல்லிக்கு நாளைக் காலை பஸ் இல்லை, சுளகு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலைக்குள் எல்லாம் சுற்றியது. சுற்றியதில் வாய்க்கு வந்ததைக் கேட்டாள். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாள் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். அவள் உண்மையிலேயே குழம்பிப்போய்த்தான் கேட்டாள்.

"அப்ப என்னைய எங்க சார் கட்டுவீக?"

"என்னது?"

"பெரிய காய் மூட்டையில சின்னக் காயக் கட்டச் சொன்னீகள்ல. பிரியவே கூடாதுன்னீக. அக்காவுக்கு சர்டிபிகேட்டுக் குடுத்துட்டு என்னைய வீட்டுக்கு அனுப்புனா, நாளைக்கு யாராச்சும் வந்து 'எதைவிட'ன்னு கேட்டா, என்னத்தக் காட்டுவாக?"

தங்கபாண்டி விதிப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். இருபது வருஷ சர்வீசில் அவருக்கு இப்படி ஆனதில்லை. எதைவிட விதியை எழுதியவரே அவர்தான். ஜீப்புக்குள் போய் உட்கார்ந்து தலைமையகத்துக்குப் போன் போட்டார். தலைமையகம் பதினோரு நாள் யோசித்தது. அதுவரை சந்திரவல்லி 'தற்காலிக மாதிரி' என்ற பெயரில் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பதினோராம் நாள் ஆணை வந்தது. சான்றிதழ் பெற்ற ஞானபாக்கியம் பணியில் இருக்கும் காலம் முழுவதும், ஒப்பீட்டு மாதிரியான சந்திரவல்லி அவரிடமிருந்து மூன்று அடிக்குள் வைக்கப்பட வேண்டும். மாதிரி இடம் மாறக்கூடாது. மாதிரியின் தன்மையும் மாறக்கூடாது. அதாவது, மாதிரி வேகம் எடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. மாதம் ஒருமுறை டிரைவர் கன்னையன் டேப்பு கொண்டுவந்து மூன்று அடியை அளந்து சான்றளிப்பார். அந்த ஆண்டு அறிக்கையில், போடியில் மனிதர்களை ஒப்பிடும் பணி நூறு சதம் வெற்றி என்று வாரியம் எழுதிக்கொண்டது. தங்கபாண்டிக்குப் பதவி உயர்வு கிடைத்து மொட்டை மாடிக்குப் போனார். பாவம்.

கிட்டங்கி பழையபடி ஓடியது. பழையபடி என்று முழுதாகச் சொல்லமுடியாது. ஞானபாக்கியத்தின் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. அவள் சுளகை நிரவுவதை வித்யாவும் சுந்தரம்மாளும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சந்திரவல்லி, கன்னையன் எந்த நேரத்தில் வந்து நிற்பாரோ என்று, விரலைப் பிடித்துப் பிடித்து மெதுவாகப் பொறுக்கினாள். வேகமாகப் போகிற கைக்கு அது பெரிய தண்டனை. தோள் வலித்தது. ஆனாலும் பக்கத்தில் ஞானபாக்கியம் இருந்தாள்.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஞானபாக்கியம் ஆமை என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் நாலரை மணிக்கு அவள் முகம் கழுவ எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சந்திரவல்லியை இடித்தாள்.

"நீ போயி மொகங்கழுவிட்டு வாத்தா. நா சும்மாதான் உக்காந்துருக்கேன்."

இத்தனை வருஷத்தில் சந்திரவல்லி அந்த நேரத்தில் எழுந்ததே கிடையாது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து, குழாயடிப் பக்கம் போகிற வாசல்படியில் கால் வைத்தபோது எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஞானபாக்கியம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினாள். யாரும் பார்க்கவில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். இருபத்தோரு பேரும் சுளகுக்குள் குனிந்துகொண்டார்கள். அவள் தன் சுளகில் கையை விட்டு, நிறைய ஒரு குத்துக் காயை அள்ளி, பக்கத்துச் சுளகைத் தடவிக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் அதில் போட்டாள். இன்னொரு குத்து. இன்னொன்று. நல்ல காயும் வெடித்த காயும் வெளுத்த காயும் கலந்து விழுந்தன. "பாவம் புள்ள, கை ஓட மாட்டேங்குது" என்று அவள் வாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

சந்திரவல்லி கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அப்படியெல்லாம் செய்யக்கூடாது.

அவள் குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவினாள். இன்னொரு தடவையும் கழுவினாள். ஞானபாக்கியத்துக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் என்பதால், காலையும் கழுவிக்கொண்டு நின்றாள்.